சோளப்பால் எங்கே போகிறது?

சோளக் கதிரைச் சுரண்டிப் பிழைக்கிறவர்கள் சென்னையில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பெசன்ட் நகரில் ஒருத்தி இருக்கிறாள், அது நான். வீட்டு அடுப்பில் சமைத்து வெளியே விற்கிற சக தியாகிகளே, ஊறுகாய்க்காரர்களே, கேக்குக்காரர்களே, இட்லி மாவுக்காரர்களே, உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மாவு ஏன் பொங்கவில்லை என்று நீங்கள் காபி ஆறுவதுகூடத் தெரியாமல் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நான் சோளம் ஏன் கெட்டியாகவில்லை என்று உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்வதற்குப் பெயர் க்ரீம்டு கார்ன். டின்னில் வருமே, அதேதான். ஆனால் டின்னிலிருந்து அல்ல, பச்சை ஸ்வீட்கார்ன் கதிரிலிருந்து. எங்கள் தேவாலயப் பங்கில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு டின் வாங்கி வந்து சீஸ் போட்டு ஓவனில் பேக் செய்கிற வீடுகள் உண்டு. ஒரு வருடம் கடையில் டின் கிடைக்கவில்லை. கதிர் மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தது. இதை அதுவாக்க முடியாதா என்று ஒரு சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வந்தால் லேசில் போகாது.

பாயசமா, கூழா?

முதல் வாடிக்கையாளர் மயிலாப்பூர்க்காரர். பெயர் ஸ்ரீதர். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு, கம்ப்யூட்டர் வேலை, அதுவும் வீட்டிலிருந்தே. ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் என் டப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். வெங்காயம் உண்டா, பூண்டு உண்டா, முட்டை உண்டா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை என்றேன். கொஞ்சம் தயங்கி, பாத்திரம் தனிப் பாத்திரமா என்று கேட்டார். மீன் குழம்புச் சட்டிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, சோளத்துக்கென்றே ஒரு அடிகனமான பாத்திரம் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னதும் அவர் குரலில் ஒரு நிம்மதி.

இதை எதோடு சாப்பிடுவது என்பதில்தான் பேச்சு நின்றது. சாதத்துக்கா, சப்பாத்திக்கா, தோசைக்கா? டோஸ்ட்டுக்கு என்றேன். டோஸ்ட்டுக்கா என்று ஒரு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பாயசம் மாதிரி அப்படியே குடிக்கலாமா என்றார். கூழ் மாதிரியும் குடிக்கலாம், உங்கள் இஷ்டம் என்றேன். எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். மக்கள் ஒரு புதுப் பண்டத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள் என்பது வேடிக்கையான விஷயம். அடையாறில் ஒரு அம்மாள் அதைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டதாகச் சொன்னார். இன்னொருத்தர் அடை மாவில் கலந்துவிட்டார். ஸ்ரீதர் என்ன செய்தார் என்று கேட்க இரண்டாம் நாள் நானே போன் செய்தேன். அவர் சொன்னார்: "எல்லாரும் சாப்ட்டுண்டே இது என்னன்னு கேட்டா மேடம். எங்காத்துல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. என்ன சாப்பிட்டோம்னுதான் யாருக்கும் தெரியலை."

கத்தியின் முதுகு

இந்த வேலையின் ரகசியம் கத்தியின் கூரில் இல்லை, முதுகில் இருக்கிறது. முதலில் கதிரை நிற்க வைத்து, முத்துகளின் மேல் பாதியை மட்டும் கூர்ப்பக்கத்தால் சீவ வேண்டும். பிறகு கத்தியைத் திருப்பி, முதுகால் கட்டையை மேலிருந்து கீழாக அழுத்திச் சுரண்ட வேண்டும். முத்தின் அடிப் பாதியிலிருந்து கெட்டியாக ஒரு பால் வரும். அந்தப் பால்தான் எல்லாம். வெண்ணெய், உப்பு, கொஞ்சம் பசும்பால் சேர்த்துச் சிறுதீயில் கிளறினால், மைதாவோ சோளமாவோ போடாமலே தானாக இறுகிக்கொள்ளும். முதல் தடவை அது இறுகியதைப் பார்த்தபோது அடுப்படியிலேயே தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றேன்.

சுரண்டும்போது பால் நாலாபக்கமும் தெறிக்கும். காலண்டரில், மூக்குக்கண்ணாடியில், மாதா படத்தில், எல்லாவற்றிலும். எனக்குக் கதிர் உரித்துக் கொடுப்பவள் தேவி. ஊரூர் குப்பத்திலிருந்து விடியற்காலையில் வருவாள். பால்கனியில் உட்கார்ந்து தோகையை உரித்து, நாரை ஒன்றுவிடாமல் எடுத்துக் குவித்துவிட்டுப் போய்விடுவாள். சாயங்காலம் அவளும் அவள் புருஷனும் பீச்சில் சோளம் சுட்டு விற்கிறார்கள். கரி, விசிறி, எலுமிச்சை மூடி, மிளகாய்ப்பொடி. சோளக் கதிரில்தான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு, ஆனால் தொழில் வேறு. நான் சுரண்டுவதை முதல் நாள் வாசல்படியில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாங்க முத்த துன்னுட்டு கட்டைய தூக்கிப் போட்றோம். நீ இன்னாக்கா, கட்டையத்தான் சொறிஞ்சினு கீற."

நாத்தனாரின் கருணை

என் கணவர் சேவியரின் அக்கா ஃப்ளோரா அடையாறில் ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறார். அங்கேதான் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மூக்குச் சிந்தி விடுவது, ஷூ லேஸ் கட்டிவிடுவது, அம்மா வேண்டும் என்று அழுகிறவர்களோடு சேர்ந்து நாலரை மணிக்காகக் காத்திருப்பது. குழந்தைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அங்கே ஒரு நாளாவது "இது ஏன் இப்படி?" என்று நானாக யோசிக்க எனக்கு இடமே இருந்ததில்லை. சோளம் வந்த பிறகு காலையில் எழுந்திருக்கவே பிடித்தது. ஆகஸ்டில் வேலையை விட்டேன்.

ஃப்ளோரா அக்கா சண்டை போடவில்லை. அது அவர் வழக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு மிகவும் பிரியமாகப் பேசினார். வீடு வீடாகப் போகிற டப்பா எத்தனை நாளைக்கு ஓடும்? நிலையான ஒரு ஆர்டர், ஒரு ஓட்டலோ கேட்டரிங்கோ, கிறிஸ்துமஸுக்குள் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் ஜனவரியில் பள்ளி திறக்கும்போது நான் திரும்பி வந்துவிட வேண்டும். சேவியர் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்? நியாயமாகத்தானே பேசுகிறார். போகும்போது இதையும் சொன்னார்: "உன் ஏப்ரனை நான் யாருக்கும் குடுக்கல ஸ்டெல்லா, துவைச்சு மடிச்சுதான் வச்சிருக்கேன்."

நிற்கிற ஸ்பூன், நீந்துகிற ஸ்பூன்

அக்டோபர் பிறந்ததும் வந்தது வினை. ஒரு நாள் கெட்டியாக, பளபளப்பாக, கரண்டியில் எடுத்தால் மெதுவாக இறங்குகிற மாதிரி வரும். இன்னொரு நாள் அதே பாத்திரம், அதே வெண்ணெய், அதே தீ. ஆனால் முத்து ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம். எவ்வளவு கிளறினாலும் சேராது. இன்னும் கொஞ்சம் நேரம் வைத்தால் முத்து ரப்பராகிவிடும், தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஏதாவது ஒரு ஒழுங்கில் வந்தாலும் பரவாயில்லை. நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் நன்றாக வரும், நம்பி உட்கார்ந்தால் அடுத்த வாரம் முழுக்கக் காலை வாரிவிடும்.

மழை ஆரம்பித்த நேரம், அதனால் முதல் பழியை மழையின் மேல் போட்டேன். நனைந்த கதிரில் தண்ணீர் ஏறியிருக்கும் என்று நினைத்து, துணி விரித்து விசிறிக்குக் கீழே கதிர்களைப் படுக்க வைத்தேன். பிரயோஜனமில்லை. தேவியைக் கேட்டால், ரொம்ப இளசாக இருந்தால் பால் நீர்த்துத்தான் போகும் என்றாள். அதுவும் சரியாகவே பட்டது, ஏனென்றால் அடுப்பில் ஏற்றும்போதே சில நாள் பாத்திரத்தில் பால் தண்ணியாகத்தான் தெரியும். நகத்தால் குத்திப் பார்த்துக் கொஞ்சம் முற்றின கதிராக வாங்க ஆரம்பித்தேன். காய்கறிக்கடைக்காரர் என்னைக் கண்டாலே கூடையை உள்ளே இழுத்துக்கொள்கிற நிலைமை வந்தது. அப்போதும் அதே கதைதான். பொறுமைசாலியான ஸ்ரீதரே போன் செய்துவிட்டார்: "போன வாரம் ஸ்பூனை வச்சா நின்னுது மேடம். இந்த வாரம் ஸ்பூன் நீந்திண்டிருக்கு."

மூடி ஆராய்ச்சி

டப்பா வாங்குவது தி.நகரில். பனகல் பார்க்கிலிருந்து உள்ளே போகிற ஒரு தெருவில் இக்பால் பாயின் பிளாஸ்டிக் டப்பாக் கடை. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிறார்கள். எந்தப் பண்டத்தை எந்த டப்பாவில் போடக்கூடாது என்பதை அவரிடம் கேட்டு மணிக்கணக்கில் உட்காரலாம். என் கஷ்டத்தைச் சொன்னேன். அவருக்கும் என்னைப் போலவே சந்தேக வியாதி உண்டு. கல்லாவை விட்டு எழுந்து வந்து, டப்பாவை மூடித் திறந்து, மூடித் திறந்து பார்த்தார். சூட்டோடு மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகக் கட்டி மறுபடி உள்ளேயே சொட்டும், அந்தத் தண்ணீர்தான் என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இதல்லவா விஞ்ஞானம்.

அன்றிலிருந்து நன்றாக ஆறவிட்டு மூடினேன். அடுத்தடுத்து எல்லா நாளும் கெட்டியாக வந்தது. பாய்க்கு ஒரு டப்பா இலவசமாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு பேரும் டீ குடித்துக் கொண்டாடினோம். மறு வாரமே சோளம் பழையபடி நீந்த ஆரம்பித்தது, அதுவும் பாத்திரத்தில் இருக்கும்போதே, மூடியைப் பார்ப்பதற்கு முன்பே. திரும்பப் போய் அவரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. கடை டப்பா ஒன்றை மூடி அழுத்திவிட்டுச் சொன்னார்: "டப்பாவுக்கும் மூடிக்கும் நான் பொறுப்பும்மா. உள்ள இருக்கறதுக்கு அல்லாதான் பொறுப்பு."

பீச் சோளம்

கெட்டியாக வேண்டும், அவ்வளவுதானே, என்று ஒரு நாள் எனக்கு ஆத்திரம் வந்தது. தேவி பீச்சில் சுடுகிற சோளம் வேறு ஜாதி. வெளுப்பாக, அழுத்தமாக, பல்லுக்கு வேலை வைக்கிற நாட்டுச் சோளம். மாவுச்சத்து அதில் அதிகம். அதில் நாலைந்து கதிர் வாங்கிச் சுரண்டி ஏற்றினேன். இறுகியது. இறுகிக்கொண்டே போனது. கரண்டியை எடுக்கப் போனால் பாத்திரமும் சேர்ந்து எழும்பியது. மறுநாள் காலையில் அதைத் தேவியிடம் காட்டினேன். விரலால் அமுக்கிப் பார்த்தாள், ருசி பார்க்கவில்லை. அவள் சொன்னது இதுதான்: "இத்த எங்கூட்டு செவுத்துல பூசுனா மழைக்கு ஒழுவாதுக்கா."

ஓட்டலில் ஒரு கரண்டி

டிசம்பர் வந்துவிட்டது. இக்பால் பாய் தன் கடையில் டப்பா வாங்குகிற தி.நகர் ஓட்டல் ஒன்றின் சமையலறை மேலாளரிடம் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். பெயர் முருகேசன். சைவ ஓட்டல், பெரியது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக வருவார்கள். குழந்தைகளுக்கென்று சோள சாண்ட்விச், சோள பேக் எல்லாம் போடுகிறார்கள். அதற்குத் தினமும் டின் உடைத்துக் கட்டுப்படியாகவில்லையாம். அதிர்ஷ்டவசமாக அன்று எனக்கு நல்ல நாள். ஸ்பூனை நடுவில் நட்டால் சாயாது. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன், கைக்குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி.

முருகேசன் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். இன்னொரு கரண்டி. பிறகு கரண்டியைச் சாய்த்து எப்படி இறங்குகிறது என்று பார்த்தார். மாவு போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நம்பாமல் மூன்றாவது கரண்டி எடுத்தார். அவர் முகத்தைப் பார்த்து, ஆர்டர் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். மனதுக்குள் ஃப்ளோரா அக்காவின் ஏப்ரனை வேறு யாருக்கோ கட்டிவிட்டுக்கூடப் பார்த்தேன். அடுத்த வாரம் நேரில் வந்து சமையலறையைப் பார்ப்பேன், அன்றைக்கு என் கண்ணெதிரில் செய்ய வேண்டும் என்றார். நான் எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டார். அதுதான் நான் பயந்த கேள்வி: "ருசி இருக்கும்மா, ருசி எத்தனையோ பேர் கையில இருக்கு. நாளைக்கும் இதே மாதிரி வருமா, அதைச் சொல்லுங்க."

எறும்பின் பாதை

வருமா? எனக்கே தெரியாதே. முருகேசன் வருவதாகச் சொன்ன வாரம் சேவியருக்கு இரண்டாவது ஷிப்ட். துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. அக்டோபரிலிருந்து ஒரு வாரம் விடியுமுன் போவார், ஒரு வாரம் மதியம் போவார். காலையில் வீட்டில் இருக்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கவலைப்படாதே ஸ்டெல்லா, மாதா பார்த்துக்கொள்வார் என்றார். நான் வழக்கம்போல் சுரண்டி முடித்து, பாத்திரத்தை மூடி வைத்துவிட்டுக் காலைப் பூசைக்குப் போனேன். திரும்பி வந்து அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர். மறுநாளும் தண்ணீர். முருகேசன் வருகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலையில்தான் உரித்துக்கொண்டிருந்த தேவி பால்கனியிலிருந்து கூப்பிட்டு, கறிவேப்பிலைத் தொட்டியில் என்ன ஊற்றுகிறாய், இவ்வளவு எறும்பு மொய்க்கிறதே என்றாள்.

எறும்பு மொய்க்கிற மாதிரி நான் எதுவும் ஊற்றுவதில்லை. குனிந்து பார்த்தேன். தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் காய்ந்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். தேவி முகத்தைச் சுளித்தாள். இனிப்பு. எனக்கு அந்த இனிப்பைத் தெரியாதா? நேரே உள்ளே போய்ச் சேவியரைக் கேட்டேன். பேப்பரைத் தாழ்த்தாமலே, சோளம் கழுவின தண்ணீர், வீணாக்காமல் செடிக்கு ஊற்றினேன் என்றார். நான் பூசைக்குப் போனதும் எழுந்து வந்து, எனக்கு உதவியாக இருக்கட்டும் என்று, மூடி வைத்ததைத் திறந்து, பிசுபிசுவென்று இருந்த "அந்த நுரையை" வடித்துக் கொட்டி, நன்றாக அலசி, புதுத் தண்ணீர் விட்டு வைத்திருக்கிறார். அதுவும் கேன் தண்ணீர். அவர் படித்தது போர்டிங் பள்ளியில். கிச்சன் டியூட்டியில் வாழைக்காய், உருளைக்கிழங்கு, கத்தரிக்காய் எதை நறுக்கினாலும் கழுவித் தண்ணீரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கருத்துவிடும் என்று பழக்கியிருக்கிறார்கள். காலையில் வீட்டில் இருக்கிற வாரமெல்லாம் இந்தச் சேவை நடந்திருக்கிறது. பாயின் மூடி யோசனை ஜெயித்த வாரம் இவர் விடியுமுன் வேலைக்குப் போன வாரம்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. இரண்டில் எது என்று தீர்மானிப்பதற்குள் நான் கத்திவிட்டேன், தேவி தோகையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆனால் எனக்குக் கோபத்தைவிட ஆவல் பெரியது. அன்று சுரண்டியதில் பாதியை அவரிடமே கொடுத்துக் கழுவச் சொன்னேன். கழுவின தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் வெள்ளையாக, கெட்டியாக, ஒரு படிவு இறங்கியது. கழுவாத பாதியை ஒரு அடுப்பிலும் கழுவின பாதியை இன்னொன்றிலும் ஏற்றி, பக்கத்துப் பக்கத்தில் நின்று பார்த்தோம். ஒன்று இறுகியது, ஒன்று நீந்தியது. சேவியர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஆனாலும் தோற்றுப்போக அவருக்கு மனசு வரவில்லை: "வாழைக்காய தண்ணியில போடாம நீ என்னைக்காவது நறுக்கியிருக்கியா? சோளம் மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?"

கழுவினவர்

முருகேசன் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தார். கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், சிங்க்குக்குக் கீழே குனிந்து பார்த்தார். தேவி கதிரை முழுசாகக் கழுவித் துடைத்து அடுக்கி வைத்திருந்தாள். சேவியரை ஹாலிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருந்தேன், சமையலறைப் பக்கம் தலையே காட்டக்கூடாது என்று கண்டிப்பாக. நான் சீவினேன், கத்தியைத் திருப்பினேன், சுரண்டினேன். பாத்திரத்தில் பால் திரண்டு நின்றது. அடுப்பைப் பற்ற வைக்கப் போன கையை முருகேசன் நிறுத்தினார். கழுவவில்லையே என்றார். எங்கள் ஓட்டலில் நறுக்கின எதையும் கழுவாமல் அடுப்பில் ஏற்றுவதில்லை, அது விதி, என் கீழே இருக்கிற எல்லாருக்கும் நான் சொல்வதே இதுதான் என்றார்.

லைட்டரைக் கீழே வைத்தேன். கழுவினால் தண்ணீர், கழுவாவிட்டால் ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லையென்றால் ஜனவரியில் ஏப்ரன். கழுவினால் கெட்டியாகாது, அந்தப் பாலில்தான் எல்லாம் இருக்கிறது, கதிரை முழுசாகக் கழுவியாகிவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். சோம்பலுக்குச் சொல்கிற சாக்கு என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அப்போது சமையலறை வாசலில் ஒரு இருமல். சேவியர். நான் போட்ட தடையை மதித்து வாசல்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் யார் என்று முருகேசன் கேட்டார். நான்தான் சார் கழுவினவன் என்றார் இவர். பிறகு ஒன்று விடாமல் சொன்னார். கிச்சன் டியூட்டி, கேன் தண்ணீர், ஸ்ரீதரின் ஸ்பூன், பாயின் மூடி, எல்லாம். ஓட்டல் விதி சரியான விதிதான் சார், நானும் அப்படித்தான் வளர்ந்தேன், ஆனால் சோளத்தில் அழுக்கைக் கழுவுகிறேன் என்று நினைத்து இவள் உழைப்பைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன் என்றார். வேண்டுமானால் கறிவேப்பிலையை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார்.

இத்தனை வருடத்தில் என் கணவர் ஒரு வெளியாள் முன்னால் தன் தவறை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. வீட்டாள் முன்னாலேயே பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோளப்பால் தெறித்துவிட்டது என்று புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டேன். முருகேசன் நிஜமாகவே பால்கனிக்குப் போய்ப் பார்த்தார். தளதளவென்று, சிமென்ட் தொட்டியில் இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு வளர்ந்து நின்றது செடி. ஒரு கொத்து ஒடித்து முகர்ந்தார். திரும்பி வந்து, ஒரு கை சோளத்தை மட்டும் தனியாகக் கழுவிச் சின்னப் பாத்திரத்தில் ஏற்றச் சொன்னார். மீதியைக் கழுவாமல். இரண்டும் வெந்து முடிகிற வரை அடுப்பை விட்டு நகரவில்லை. இரண்டிலும் ஸ்பூனை வைத்துப் பார்த்தார். பிறகு போன வாரம் கேட்ட அதே கேள்வி, நாளைக்கும் இதே மாதிரி வருமா என்று. வரும் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் அக்டோபரிலிருந்து தவித்துக்கொண்டிருந்தேன். அவர் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "திங்கட்கிழமையிலிருந்து அனுப்புங்கம்மா. கதிரை முழுசா கழுவுங்க, அதோட நிறுத்திக்கங்க. சாருக்கு எந்த வாரம் என்ன ஷிப்டுன்னு மட்டும் எனக்கு முன்னாடியே ஒரு போன் பண்ணிடுங்க."

ஆகவே சக தியாகிகளே, சோளத்தைச் சுரண்டுவதற்கு ஒரு கத்தி போதும், சுரண்டியதை அன்போடு உதவ வருகிறவர் கையிலிருந்து காப்பாற்றத்தான் எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.